'பெர்சோனா'வைத் தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமை அச்சு

திருச்சியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். இசை வரலாறு படிக்கும் மாணவர்களுக்காக அமெரிக்க நாட்டுப்புற இசை மறுமலர்ச்சி பற்றிய பாடக்குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஸ்டேஜ் நேம்' வந்த இடமெல்லாம் மேடைப்பெயர் என்று போட்டுவிட்டேன். 'பெர்சோனா', அதாவது பாடகர் தன்னை இன்னார் என்று ஊருக்குக் காட்டும் ஆள், அந்தச் சொல்லில்தான் நான்கு நாளாக நிற்கிறேன்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனை எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் டுலூத்தில் பிறந்த ராபர்ட் சிம்மர்மன். வளர்ந்தது ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில். அப்பா மின்சாதனக் கடை வைத்திருந்தார். 1962இல் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார். இதுவரைக்கும் மேடைப்பெயர் போதும். ஆனால் நியூயார்க்கில் அவர், ஊர் ஊராகப் போகும் கேளிக்கைக் கூட்டத்தோடு திரிந்து வளர்ந்ததாகச் சொல்லிவந்தார். பெற்றோரோடு தொடர்பே இல்லை என்றார். 1963இல் நியூஸ்வீக் பத்திரிகை, அவருடைய அப்பாவும் அம்மாவும் கச்சேரி பார்க்க நியூயார்க்குக்கே வந்திருப்பதை எழுதிவிட்டது. அந்தத் திரிந்து வளர்ந்த பையன் இருக்கிறானே, அவனுக்குத்தான் சொல் கேட்கிறேன்.

அதே டிலன், வேறு இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால், பிராட்சைட் என்ற நாட்டுப்புறப் பாட்டு இதழுக்காகப் பாடியபோது 'பிளைண்ட் பாய் கிரண்ட்' என்று பெயர் போட்டுக்கொண்டார். அங்கே பெயர் மட்டும்தான், பின்னால் ஆள் இல்லை. ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

விழுப்புரத்திலிருந்து

அம்மா, வேடம் இருக்கும்போது எதற்கு அலைச்சல்? எங்கள் பக்கத்துக் கூத்தில் "துரியோதனன் வேஷம் யார் கட்டுறது?" என்றுதான் கேட்பார்கள். இருபத்தைந்து வருடமாக வகுப்பெடுக்கிறேன். வேடம் என்றால் கடைசி பெஞ்சுப் பையனுக்கும் புரியும். 'பெர்சோனா'வே லத்தீனில் நாடக முகமூடிதான். 1964இல் ஒரு கச்சேரி, வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் நாளில் அமைந்தபோது, தான் பாப் டிலன் முகமூடி போட்டிருப்பதாக டிலனே மேடையில் சொன்னார்.

மதுரையிலிருந்து

வேடம் வடசொல் என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது தமிழே. வேய்தல் என்றால் அணிதல், சூடுதல். வேய் என்பதிலிருந்து வேயம், அதிலிருந்து வேசம், பிறகு வேடம். நேயம் நேசமாகவில்லையா? தழை வேய்ந்து மறைந்து நின்று வேட்டையாடியவன் வேடன் ஆனதும் இதே வேரில்தான் என்பது என் துணிபு.

ஆனாலும் இந்த இடத்துக்கு வேடம் பொருந்தாது. வேடதாரி என்ற வசவு கூடவே வந்துவிடும். புனைபெயர் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதன் உடன்பிறப்பாகப் புனையாள் என்று வைத்துவிடலாம்.

சென்னையிலிருந்து

ஐயா, யகரம் சகரமாவது சரி. அந்தச் சகரம் எப்படி டகரமாயிற்று? விஷம் விடமானது, பாஷை பாடையானது. அதே வழியில் வேஷம் வேடமானது. நன்னூலார் வடமொழியாக்கத்தில் சொன்ன விதிதானே இது? வேடனை விட்டுவிடுவோம், அவர் வேட்டையோடு இருக்கட்டும்.

புனையாள் நிச்சயமாக வேண்டாம். அது எதிர்மறை வினைமுற்று: 'அவள் புனைய மாட்டாள்'. நாம் சொல்லவந்ததற்கு நேர் எதிர்!

நம் மரபிலேயே இதற்கு இடம் இருக்கிறது. அகப்பாட்டில் கபிலர் தலைவியாகப் பேசுகிறார், தோழியாகப் பேசுகிறார். அந்தத் தலைவிக்குப் பெயர் சூட்டக்கூடாது என்பது தொல்காப்பியம்: "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்". அங்கே ஆள் உண்டு, பெயர் இல்லை. பிளைண்ட் பாய் கிரண்டுக்கு மறுதலை. நம்மாழ்வார் தலைவியாகப் பாடும்போதோ மரபு அவரைப் பராங்குச நாயகி என்கிறது. அங்கே பெயரும் வந்துவிட்டது. இப்படிப் பேசுவதைத் தலைவி கூற்று, தோழி கூற்று என்பார்கள். ஆகவே கூற்றாள் என்று சொல்லிப் பார்க்கலாம்.

விழுப்புரத்திலிருந்து

அக்கா, கூற்றுவன் எமன். பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். எங்கட பக்கம் கோயிலில் சாமி வந்து ஆடுவதை 'உரு வந்திட்டுது' என்போம். ஆடுகிறவரை ஒருவரும் நடிகர் என்று சொல்வதில்லை. அதனால் மேடையுரு எப்படி?

ராம்ப்ளிங் ஜாக் எலியட்டை நினைத்துத்தான் கேட்கிறேன். 1931இல் புரூக்ளினில் ஒரு மருத்துவருக்குப் பிறந்த எலியட் அட்னோபாஸ். பதினைந்து வயதில் வீட்டை விட்டு ஓடி ரோடியோ என்ற குதிரை, மாடு அடக்கும் வித்தைக் கூட்டத்தில் சேர்ந்தார், பிறகு நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரியோடு இருந்து பாட்டுப் பழகினார். எழுபது ஆண்டுக்கு மேலாக அவர் அந்த மாட்டுக்காரப் பாடகர்தான். வேடம் என்றால் இரவில் கலைக்க வேண்டும். இவர் எதைக் கலைப்பது?

திருச்சியிலிருந்து

தம்பி, மேடையுரு எனக்குப் பிடித்திருக்கிறது. பாடக்குறிப்பில் என்னை மிகவும் உறுத்திய இடத்துக்கும் இது பொருந்துகிறது. 1934இல் லூசியானா சிறையிலிருந்து வெளியே வந்த லெட் பெல்லி, அதாவது ஹடி லெட்பெட்டர், நல்ல கோட்டும் சூட்டும் உடுத்த விரும்பியவர். பாட்டுச் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் அவரைக் கைதி உடையில் பாட வைத்தார். 1935இல் வந்த செய்திப்படத்தில் தன் சிறைக் கதையை அவரே நடித்தும் காட்ட வேண்டியிருந்தது. 'வேடம் போட்டார்' என்று எழுதினால் பழி அவர்மேல் விழும். உரு என்றால் 'அவர்மேல் ஏற்றப்பட்ட உரு' என்று நேர்மையாக எழுதலாம். ஒரு கறுப்பினப் பாடகரைப் பற்றி எழுதும்போது அந்த வேறுபாடு எனக்கு முக்கியம்.

மதுரையிலிருந்து

உரு நல்ல சொல். மேடைதான் இடிக்கிறது. டிலன் அந்தக் கதைகளைப் பத்திரிகைக்காரர்களிடமும் நண்பர்களிடமும் சொன்னார். இங்கிலாந்தில் நாட்டுப்புறப் பாடகர் யுவான் மக்கோல் 1915இல் சால்ஃபர்டில் ஜிம்மி மில்லராகப் பிறந்தவர், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். தன் பாட்டு மன்றத்தில் பாடுகிறவர்கள் அவரவர் சொந்த மண்ணின் பாட்டைத்தான் பாடவேண்டும் என்று விதி வைத்தார். தான் பிறந்ததே ஸ்காட்லாந்தில்தான் என்றும் சொல்லிக்கொண்டார். இதெல்லாம் மேடைக்கு வெளியே. புனைவுரு என்று போடுங்கள்.

சென்னையிலிருந்து

ஐயா, லெட் பெல்லி புனையவில்லையே. எனக்கு மேடையுரு சம்மதம். இதற்குமேல் என்னிடம் தெம்பு இல்லை.

திருச்சியிலிருந்து

சரி, மூன்று பேர் மேடையுரு என்கிறோம். அப்படியே அனுப்புகிறேன். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் 'மேடையுரு, அதாவது பாடகர் ஏற்கும் அல்லது அவர்மேல் ஏற்றப்படும் ஆள்' என்று விளக்கம் சேர்த்துவிட்டேன். மதுரை ஐயாவின் மறுப்பு நியாயமானதுதான்; ஆனால் லெட் பெல்லியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

விழுப்புரத்திலிருந்து

அம்மா, அச்சில் உங்கள் விருப்பம். ஆனால் வேடம் பொய்யைக் குறிக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. பெரியபுராணத்தில் முத்தநாதன் என்ற பகைவன் சிவனடியார் போலத் திருநீறு பூசிக்கொண்டு கத்தியோடு வந்தான். குத்துப்பட்ட பிறகும் மெய்ப்பொருள் நாயனார் வணங்கியது அந்த வேடத்தைத்தான். அவனுக்கு ஊறு நேராமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடச் சொன்னார். வேடத்துக்கு அந்த மதிப்பும் தமிழில் உண்டு. திங்கட்கிழமை இந்தப் பாடம் எடுக்கும்போது கரும்பலகையில் வேடம் என்றுதான் எழுதுவேன். பக்கத்தில் உங்கள் சொல்லையும் எழுதுகிறேன்.