எடை ஏறியது, கை மெலிந்தது

புற்றுநோய் வார்டில் டயட்டீஷியனாக இருக்கிறேன். நான் சறுக்கிய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

அறுபதைத் தாண்டியவர், கல்லீரல் வரை பரவிய நோய். சேர்ந்த அன்று 58 கிலோ, மூன்று வாரம் கழித்து 61. “எடை ஏறியிருக்கே, நல்லா சாப்பிடுறார் போல” என்றார் ஜூனியர் டாக்டர். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மதியம் அவருடைய தட்டு பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தபோதுதான் உறுத்தியது.

டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். முழங்கையை மடக்கச் சொல்லி, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் சரிபாதியில் பேனாவால் ஒரு கோடு. பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி, அந்தக் கோட்டில் இறுக்காமல் சுற்றினேன். சேர்ந்தபோது 24 செ.மீ. இருந்த கை, இப்போது 22.5. பின்பக்கத் தோலைக் கிள்ளி, தோல் மடிப்பின் தடிமனை அளக்கும் கேலிப்பரில் பிடித்தால் 6 மி.மீ. அதை செ.மீ. ஆக்கி 3.14-ஆல் பெருக்கிச் சுற்றளவில் கழித்தால் 20.6. உள்ளே இருக்கும் தசையின் கணக்கு அதுதான்.

ஏறிய எடை வயிற்றில் கோத்த நீர். ஐந்து லிட்டர் எடுத்த மறுநாள் தராசு 56 காட்டியது. அவர் ஒருநாளும் தேறவே இல்லை. மேற்கைச் சுற்றளவு 23.5 செ.மீ.-க்குக் கீழே போனாலே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 20-க்குக் கீழே இருக்கக்கூடும் என்பது எங்களுக்கு அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியைத்தான் நான் தராசை நம்பி மறந்திருந்தேன்.

*

நான் வேறொரு நோயாளியின் மகள். எங்கள் வீட்டில் நேர்மாறு. அப்பா ஆள் பெரிய உடம்பு, 170 செ.மீ. உயரம், 104 கிலோ. நான்கு மாதத்தில் 92 ஆனார். பார்த்தவர்கள் எல்லாம் “ஸ்லிம் ஆயிட்டீங்க” என்றார்கள், அவருக்கும் கொஞ்சம் பெருமைதான். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டது நான். மருத்துவமனையில் சேர்த்த அன்று படிவத்தில் பிஎம்ஐ கிட்டத்தட்ட 32 என்று எழுதி, ஊட்டச்சத்துக் குறைபாடு ‘இல்லை’ என்று டிக் செய்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் வந்த டயட்டீஷியன் கேட்ட முதல் கேள்வி, “ஆறு மாசத்துக்கு முன்னாடி எவ்வளவு இருந்தார்?” பன்னிரண்டு கிலோ என்றால் 11.5 சதவீதம். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தாலே கவனிக்கணுமாம். அப்புறம் கைப்பிடி வலுவை அளக்கும் ஒரு பிடிமானியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். 21 கிலோ. தசைக் குறைவைக் கண்டுபிடிக்க ஆசிய வல்லுநர் குழு வயதான ஆண்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 28, அதற்குக் கீழே போனால் வலு குறைவு என்றார். ஒரு மாதமாக அப்பா தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க என்னிடம்தான் நீட்டிக்கொண்டிருந்தார். சோம்பல் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன்.

*

செவிலியராக ஒன்று சேர்க்கிறேன். எந்தக் கை என்று கேட்காமல் டேப்பைச் சுற்றாதீர்கள். மார்பக அறுவை சிகிச்சை ஆன ஒரு அம்மாவுக்கு வழக்கம்போல இடது கையை அளந்து 29 என்று எழுதிவிட்டேன். “அது வீங்கின கைம்மா” என்று அவர்தான் சொன்னார். வலது கை 24. எழுந்து நிற்க முடியாதவர்களுக்கு உயரத்தைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகப் போடுவதும் இதே மாதிரி வம்புதான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தால் அட்டவணையிலிருந்து உயரம் கிடைத்துவிடும்.

*

முதலில் எழுதிய டயட்டீஷியன்தான். கை விஷயம் நூற்றுக்கு நூறு சரி சிஸ்டர். அளப்பவர் மாறினாலும் கேலிப்பர் எண் மாறும். அதனால் எங்கள் சார்ட்டில் இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் கை, யார் அளந்தது, அன்று வயிற்றில் நீர் உண்டா என்று மூன்றையும் எழுதுகிறோம்.