சேப்பாக்கம் நாயர் மெஸ், அப்பா அம்மாவ கூட்டிட்டு போகலாமா?

மேடவாக்கம்_பையன்:
மே மாசம் அப்பா அம்மா சேலத்துல இருந்து வராங்க. அப்பாவுக்கு மீன்னா உயிர், ஊர்ல அதிகமா மேட்டூர் டேம் மீன்தான், அதனால நல்ல கடல் மீன் சாப்பிட வைக்கணும்னு ரொம்ப ஆசை. ஆபீஸ்ல எல்லாரும் நாயர் மெஸ்ஸத்தான் சொல்றாங்க, 1961ல இருந்து இருக்காம். ஆனா பழைய பேருங்கறதுக்காக வெயில்ல அவ்ளோ தூரம் போய் நிக்கணும்னா அப்பாவோட முட்டி வலி தாங்காது. வொர்த்தா?

மேன்ஷன்வாசி:
கண்டிப்பா வொர்த் ப்ரோ. திருவல்லிக்கேணி மேன்ஷன்ல தங்கி ரூம்ல சமைக்க வழியில்லாதவங்களுக்கு அந்த மாதிரி மெஸ்தான் சோறு போட்டுச்சு, அந்த சோறும் மீன் குழம்பும் பக்கத்துல ஒரு வஞ்சரம் வறுவலும் இருந்தா வேற எதுவும் கேக்க தோணாது. பன்னெண்டரைக்குள்ள போயிடுங்க, அப்புறம் கூட்டம் ஏறிடும். சந்து குறுகல், கார் வேணாம். வேளச்சேரி வந்து பறக்கும் ரயில்ல சேப்பாக்கம் இறங்கி ஒரு ஆட்டோ பிடிங்க. ஸ்டேடியத்துல ஐபிஎல் மேட்ச் இருக்கற அன்னைக்கு மட்டும் அந்தப் பக்கமே போகாதீங்க.

காசிமேட்டுக்காரன்:
மெஸ் நல்லதுதான், மாசம்தான் இடிக்குது தம்பி. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், மீன் முட்டை போடற நேரம்னு விசைப்படகு எதையும் கடலுக்கு விடமாட்டாங்க, அப்போ சென்னையில எந்தக் கடையில வஞ்சரம் கேட்டாலும் பெரும்பாலும் கேரளா பக்கம் இருந்து ஐஸ்ல வந்ததா இருக்கும், அங்க தடை ஜூன்லதான் ஆரம்பிக்கும், இல்லன்னா ஸ்டோரேஜ் மீன், விலையும் எகிறிடும். ஃபைபர் போட்டுக்கு தடை இல்ல, கரையோரமா போய் நெத்திலி, கவலை எல்லாம் கொண்டு வருவாங்க. அதனால மே மாசம் நெத்திலி வறுவல் இருக்கான்னு கேளுங்க, வஞ்சரத்துக்கு அடம் பிடிக்காதீங்க. ஜூலைக்கு தள்ள முடிஞ்சா தள்ளிடுங்க, மீன் அப்போதான் மீனா இருக்கும்.

அடையாறு_அக்கா:
முட்டி வலின்னு பார்சல் வாங்கிட்டு போயிடாதீங்க, மேடவாக்கம் போறதுக்குள்ள வறுவல் நமுத்துடும். சூடா இலையில சாப்பிட்டாதான் அது.

மேடவாக்கம்_பையன்:
ரொம்ப நன்றிங்க. அம்மாவுக்கு ஸ்கூல் லீவு மே மாசம்தான், தள்ள முடியாது. மேட்ச் இல்லாத நாளா பாத்து சீக்கிரமே போய் நெத்திலி கேக்கறோம். வஞ்சரத்துக்கு அப்பாவ மட்டும் ஆகஸ்ட்ல திரும்ப வரச் சொல்லிட்டேன், இப்பவே டிக்கெட் பாக்கறாரு.