துவைச்ச கம்ஃபர்ட்டர் கட்டி கட்டியா ஆயிருச்சு, சரிபண்ண ஆள் இருக்கா?

வணக்கம் மக்களே. டபுள் கம்ஃபர்ட்டர் ஒண்ணு, அதான் உள்ள பஞ்சு வச்சு கட்டம் கட்டமா தச்ச தடிப் போர்வை, 90க்கு 100 இஞ்ச், உள்ள மைக்ரோஃபைபர்ங்கிற செயற்கைப் பஞ்சு, லேபிள்ல 200 ஜிஎஸ்எம்னு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) போட்டிருக்கு. ஏசி ரூமுக்குன்னு போன தீபாவளிக்கு வாங்குனது. மூணு வாரத்துக்கு முன்னாடி பையன் அதுல பாலக் கொட்டிட்டான், நானும் யோசிக்காம வீட்டுல இருக்க 7 கிலோ டாப் லோடு மெஷின்ல அமுக்கித் திணிச்சுப் போட்டுட்டேன், சுத்தவே இடமில்லாம தெணறிக்கிட்டு கிடந்துச்சு. வெளிய எடுத்தா நடுவுல நாலஞ்சு கட்டம் தையல் விட்டுப்போயி பஞ்சு பூராம் கால்மாட்டுப் பக்கம் ஒதுங்கிருச்சு. தூக்கிப் பிடிச்சா நடுவுல வெறும் துணிதான், அந்தப்பக்கம் ஃபேன் சுத்துறது தெரியுது. மூலைல மட்டும் கொழுக்கட்டை கணக்கா உருண்டை உருண்டையா.

திருநகர்ல எங்க மொட்டமாடில ரெண்டு நாள் வெயில்ல திருப்பித் திருப்பிப் போட்டு கம்பால தட்டுனேன், காஞ்சுச்சு, கட்டி கலையல. உருண்டைய கையால பிச்சுப் பிச்சு நடுவுக்குத் தள்ளுனேன், ஒரு ராத்திரி போத்திப் படுத்தா மறுபடி அங்கயே போயிருது. லாண்டரில டிரையருக்குள்ள டென்னிஸ் பால் போட்டு ஓட்டச்சொன்னேன், கொஞ்சம் உப்புச்சு, அவ்வளவுதான். அப்பத்தா வீட்டு இலவம்பஞ்சு மெத்தைன்னா பிரிச்சு அடிச்சுத் திரும்பத் தச்சிருவாங்க, இது ஃபைபர்ங்கவும் ரெண்டு மெத்தக்கடைல கைய விரிச்சுட்டாங்க.

புதுசு வாங்குன்னு மட்டும் சொல்லாதீங்க, மேல்துணி இன்னும் புதுசாத்தான் இருக்கு. மதுரைக்குள்ள மைக்ரோஃபைபரப் பிரிச்சு சீராக்கி, கட்டம் கட்டமா திரும்பத் தச்சுக் குடுக்குறவங்க யாராச்சும் இருக்காங்களா?