புதுப்பிப்பு: அம்மாவின் கால் அரிப்பு

மார்கழி தொடக்கத்தில், திருப்பரங்குன்றத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில்போல உரிவதையும், இரவெல்லாம் அவர் சொறிவதையும் எழுதியிருந்தேன். பலர் வேப்பிலை போட்ட வெந்நீரில் குளிக்கச் சொன்னீர்கள். உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் அந்தக் கொதிக்கும் வெந்நீர்தான் அரிப்பை வளர்த்திருக்கிறது.

சூடான நீரும் சோப்பும் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடுமாம். வயதானால் அது சுரப்பதும் குறைவு என்றார் தோல் மருத்துவர். விடியற்காலை நாலரை மணிக்குக் குளித்துக் கோயிலுக்குப் போகிறவரிடம் வெந்நீரே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெதுவெதுப்பான நீர், 10 நிமிடக் குளியல், சோப்பு அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் மட்டும் என்று ஒப்புக்கொண்டார். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லி. இரவில் யூரியா கலந்த களிம்பு. வெடிப்பில் பட்டால் எரியும் என்பதால் அங்கே ஜெல்லி மட்டும். கம்பளி உறுத்தாமலிருக்க அடியில் பழைய நூல் சேலை.

மூன்றாவது வாரம், முதன்முறையாக விடியும்வரை தூங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறுகளாலும் அரிப்பு வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.