பழைய மேசைக் கணினி மிகவும் மெதுவாக இயங்குகிறது: ஃபார்மட் செய்வதா, பாகங்களை மாற்றுவதா?

ஏரிக்கரை (மடிப்பாக்கம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2017-இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. இன்டெல் கோர் ஐ3-7100 பிராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சில மாதங்களாக அது பொறுக்க முடியாத அளவுக்கு மெதுவாகிவிட்டது. பொத்தானை அழுத்தி முகப்புத் திரை வருவதற்கே வெகுநேரம் ஆகிறது. திரை வந்த பிறகும் சுட்டி அசைகிறதே தவிர, எதைச் சொடுக்கினாலும் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் மாமனார், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிக் கோயில்களின் கல்வெட்டுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவரும் குறிப்புகள் அனைத்தும் இதில்தான் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் பாடக் காணொளிகளை இதில்தான் பார்க்கிறாள். தற்காலிகக் கோப்புகளை அழித்துப் பார்த்தோம். கணினியை விரைவாக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு மென்பொருளையும் நிறுவிப் பார்த்தோம். பெரிய மாற்றம் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்த சர்வீஸ்காரர், உடனே ஃபார்மட் செய்து, அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவிவிடலாம் என்றும், அதற்கும் சரியாகவில்லை என்றால் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டுச் சென்றார். புதுக் கணினி வாங்கும் நிலையில் நாங்கள் இப்போது இல்லை. என்ன செய்யலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கம்பிவடம் (அம்பத்தூர்) எழுதியது:

வணக்கம் சகோதரி. தயவுசெய்து ஃபார்மட் செய்ய இப்போதைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தப் பாகம் தடையாக இருக்கிறது என்று பார்க்காமல் ஃபார்மட் செய்வது, காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் ஊசி போடுவதைப் போன்றது. அதைக் கண்டுபிடிக்க எந்தச் செலவும் இல்லை.

முதலில், விளம்பரத்தைப் பார்த்து நிறுவிய அந்த மென்பொருளை நீக்கிவிடுங்கள். விண்டோஸின் அமைப்புத் தகவல்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடு. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் தவிர வேறொரு ஆன்ட்டி வைரஸின் சோதனைப் பதிப்பு காலாவதியாகிக் கிடந்தால் அதையும் நீக்குங்கள். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது இதற்குப் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உட்கரு நிலையை டிஸ்க்கில் சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே மீண்டும் எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

முகப்புத் திரை வந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் ஆகிய மூன்று பத்திகளின் தலையில் உள்ள சதவீதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குச் சென்று அங்கே காட்டப்படும் படிக்கும் வேகத்தையும் சராசரிப் பதில் நேரத்தையும் பாருங்கள். 100 சதவீதம் உழைத்தும் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி மட்டுமே படிக்கிறது என்றால் குற்றவாளி யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மேசைக் கணினிகளில் வரும் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி ஆகிறது. தேவையான இடம் படிப்பு முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். முனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர மேலும் 8 அல்லது 9 மில்லி நொடி. ஆகவே, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ எண்பது கோரிக்கைகளுக்கு மேல் அதனால் நிறைவேற்ற முடிவதில்லை. விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வேண்டியிருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக வரும், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம், ஒவ்வொரு கோரிக்கைக்கும் 0.1 மில்லி நொடி அளவிலேயே பதில் தந்துவிடுகிறது. இதனோடு 4 ஜிபி ரேம் நிரம்பி வழியும்போது, விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் எழுதிப் படிக்கத் தொடங்கும். ஏற்கெனவே திணறும் டிஸ்க்கின் தலையில் அந்தச் சுமையும் ஏறும்.

கடைசியாக, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, உங்கள் டிஸ்க்கின் நிலை நீலத்தில் வருகிறதா, மஞ்சளில் வருகிறதா, சிவப்பில் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். என் ஐயம் அங்கேதான் இருக்கிறது.

ஏரிக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே செய்தோம். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. வேகம் நொடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு எம்பி வரைதான். மெமரி 88 சதவீதம், சிபியு 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் மஞ்சள் நிறம் வருகிறது. 05 என்ற வரிசையிலும் சி5 என்ற வரிசையிலும் வலது ஓரத்து எண்கள் சுழியமாக இல்லை. இதற்கு என்ன பொருள்?

கம்பிவடம் எழுதியது:

சகோதரி, வேகத்தைப் பற்றிய பேச்சை இத்துடன் நிறுத்திவைத்துவிட்டு, முதலில் மாமனாரின் கோப்புகளைக் காப்பாற்றுவோம். 05 என்பது, பழுதாகிப்போனதால் டிஸ்க் தானே ஒதுக்கிவிட்டு மாற்று இடம் தந்த பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது, படிக்க முடியாமல் தவித்து, இன்னும் முடிவு செய்யப்படாமல் இருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இவை சுழியத்தைத் தாண்டினால் டிஸ்க் இன்றைக்கே செத்துவிடும் என்று பொருளில்லை. சில டிஸ்க்குகள் இந்த நிலையிலும் நெடுநாள் ஓடும். ஆனால் அதை இனி நம்பி இருக்கக் கூடாது. உங்கள் கணினி மெதுவானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஏனெனில் படிக்க முடியாத ஒரு பகுதியை டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும்போது கணினி முழுவதும் அதற்காகக் காத்து நிற்கும்.

ஆகவே டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது) செய்ய வேண்டாம், செக் டிஸ்க் (டிஸ்க்கில் பிழைகளைத் தேடும் விண்டோஸ் கருவி) ஓட்ட வேண்டாம், ஃபார்மட் வேண்டவே வேண்டாம். இவை எல்லாம் டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் சென்று வரும் வேலைகள்; தள்ளாடும் டிஸ்க் அதிலேயே விழுந்துவிடக்கூடும். வெளி ஹார்ட் டிஸ்க்கோ பெரிய பென் டிரைவோ ஒன்றை இணைத்து, மாமனாரின் குறிப்புகளை முதலிலும், குடும்பப் புகைப்படங்களை அடுத்தும், மகளின் கோப்புகளை அதன் பிறகும் நகலெடுங்கள். திரைப்படங்கள் கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை. ஏதேனும் ஒரு கோப்பில் நகலெடுப்பு சிக்கி நின்றால், அதைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். பிடிவாதமாக அதையே முயல வேண்டாம். டெஸ்க்டாப்பில் கிடப்பவற்றையும் மறந்துவிடாதீர்கள்.

தமிழ்99 (குரோம்பேட்டை) எழுதியது:

நண்பர் கம்பிவடம் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும், ஏனெனில் தமிழில் எழுதுபவர்களின் கணினிகளை ஃபார்மட் செய்யும்போது இதில்தான் பெரும் இழப்பு நேர்கிறது. அம்மா, உங்கள் மாமனாரின் பழைய கோப்புகள் எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை என்று அவரிடம் கேளுங்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு என்றால் கவலையில்லை. வானவில் அவ்வையார், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வளவும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். கோப்பு பத்திரமாக இருந்தும் அதைப் படிக்க வழி தெரியாமல் மக்கள் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சி டிரைவில், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் முழுமையாக நகலெடுத்து வையுங்கள். பிறகு நேரம் கிடைக்கும்போது, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியைக் கொண்டு அந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி, கல்வெட்டுச் சொற்களும் கிரந்த எழுத்துகளும் எண்களும் சரியாக மாறியிருக்கின்றனவா என்று மாமனாரே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அத்தகைய உழைப்பு அழியவே கூடாது.

நகல் ஒன்றோடு நில்லாமல் இரண்டாக இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு நகல் உறவினர் வீட்டு மாடியிலோ இணையச் சேமிப்பகத்திலோ இருக்க வேண்டும்.

சிந்தாதிரிப்பேட்டைவாசி எழுதியது:

பாகங்கள் வாங்குவதைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் கணினிக்கு 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணைந்திருக்கும் அதே வகை இணைப்பு) எஸ்எஸ்டி பொருந்தும். விண்டோஸுக்கும் எழுத்து வேலைக்கும் 256 ஜிபி போதும். படங்கள் நிறைய இருந்தால் 500 ஜிபி. அதைவிட வேகமான என்விஎம்இ வகையை யாராவது பரிந்துரைத்தால், உங்கள் மதர்போர்டில் (பாகங்களை எல்லாம் இணைக்கும் முதன்மைப் பலகை) அதைச் செருகும் எம்.2 இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். அந்தக் காலத்து விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அது இல்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது கிடைக்கும் வேறுபாடே உங்களுக்குப் போதுமானது.

ரேமைப் பொறுத்தவரை, டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் (ரேம் செருகும் இடம்) நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று காலியாக இருந்தால், இன்னொரு 4 ஜிபி சேர்த்து 8 ஆக்கிக்கொள்ளலாம். அந்தத் தலைமுறைப் பிராசசர் டிடிஆர்4, டிடிஆர்3எல் ஆகிய இரண்டு ரேம் வகைகளையும் ஏற்கும் என்பதால் உங்கள் போர்டில் இருப்பது எது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதே எளிய வழி.

கணினிப் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு மெட்ரோவில் வருவதானால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால், முதல் கடையிலேயே வாங்கிவிடாமல் நரசிங்கபுரம் தெருப் பக்கமும் விசாரியுங்கள். பெயர் தெரியாத நிறுவனத்தின் எஸ்எஸ்டியை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் புதிய எஸ்எஸ்டியைத் திறந்து, அது இயங்கிய மணிநேரம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். புதுப் பொருளில் அது சுழியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேபினெட்டைத் திறந்ததோடு, உள்ளே இருக்கும் தூசியையும் தட்டிவிடுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும். கத்திரி வெயில் காலத்தில் தூசி அடைத்த கணினி சூடேறி, பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குறிப்புகளையும் புகைப்படங்களையும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் நகலெடுத்து முடித்துவிட்டோம். இரண்டு கோப்புகள் மட்டும் வரவில்லை, அவற்றின் அச்சுப் பிரதி மாமனாரிடம் இருக்கிறது. எஸ்எஸ்டியும் ரேமும் வாங்கப்போகிறோம். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்யலாமா? விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா?

தமிழ்99 எழுதியது:

குளோன் வேண்டாம் அம்மா. பழுதான டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்க வைப்பதும் ஆபத்து, படிக்க முடியாத பகுதிகளின் பிழைகளோடு விண்டோஸைப் புது இடத்துக்குக் கொண்டுபோவதும் வீண். 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு நிறுவற்கோப்பை உருவாக்கி, பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். முன்பு முறைப்படி உரிமம் பெற்றிருந்தால் அது பெரும்பாலும் மதர்போர்டோடு பிணைந்தே இருக்கும். நிறுவும்போது கீ (உரிம எண்) கேட்டால் இல்லை என்று கொடுத்துவிடுங்கள்; இணையத்தில் இணைந்ததும் உரிமம் தானே செயல்பாட்டுக்கு வந்துவிடும்.

விண்டோஸ் 11, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ஐ3 எதையும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. உங்களுடையது ஏழாம் தலைமுறை. குறுக்கு வழியில் நிறுவுபவர்கள் இருக்கிறார்கள்; அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை என்பதால், கல்வெட்டுக் குறிப்புகள் இருக்கும் கணினியில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டாலும், வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று அறிவித்திருந்தார்கள். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான வழி இருக்கும்.

அதற்குப் பிறகு, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. மகளின் பாடங்கள் எல்லாம் உலாவியில்தான் நடக்கின்றன என்றால் அவளுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை அதில் நன்றாக வேலை செய்யும். மாமனார் வானவில் விசைப்பலகை மென்பொருளுக்கே பழகியவர் என்றால், அவர் யூனிகோடுக்கு மாறிய பிறகு லினக்ஸைத் தொடுங்கள். அவர் கைப்பழக்கத்தைக் குலைத்துவிட்டு நாம் வேகத்தைக் கூட்டுவதில் பயனில்லை.

கம்பிவடம் எழுதியது:

தமிழ்99 சொன்னது சரியான வழி. பழைய டிஸ்க்கை இன்னும் சில மாதங்களுக்கு, கணினியில் மாட்டாமல், ஈரம் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். நகலெடுக்க விட்டுப்போன கோப்பு ஏதாவது பிறகு நினைவுக்கு வரும். அதில் புதிதாக எதையும் சேமிக்க வேண்டாம், பழைய பொருள் எடுப்பவரிடம் அப்படியே போடவும் வேண்டாம். விரைவு ஃபார்மட் செய்தாலும் உள்ளே இருப்பவற்றை மீட்க முடியும். கொடுக்கும் நாள் வந்தால், முழுவதையும் மேலெழுதி அழிக்கும் முறையில் துடைத்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். எஸ்எஸ்டி மாட்டும்போது எங்காவது சிக்கினால், திரையில் வரும் செய்தியைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.