அம்மாவின் மறதி: சொதியை நிறுத்தத்தான் வேண்டுமா?

கோண்டாவில் மகள்:
அம்மாவுக்கு 74 வயது. இரண்டு வருடமாக அல்சைமர். பின்னேரம் நாலரை ஆனால் படலையடியில் போய் நிற்பார், அப்பா வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கும் நேரமாம். அப்பா செத்து ஒன்பது வருடம். ஆச்சிக்கும் கடைசிக் காலத்தில் இதே மறதி.

கனடாவில் இருக்கும் தம்பி மரபணுப் பரிசோதனை செய்தான். அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபோஈ4 (APOE4) என்ற மரபணு வகையில் ஒரு பிரதி இருக்கிறதாம். அது மூளையின் கொலஸ்ரோலைக் குழப்பும் என்று வாசித்துவிட்டு, அம்மாவுக்குத் தேங்காய்ப்பாலையும் முட்டையையும் நிறுத்தச் சொன்னான். நிறுத்தி மூன்று கிழமை. அம்மா இடியப்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைக்கிறார். மெலிந்தும் போனார். இரத்தத்தில் கொலஸ்ரோல் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் மூளையில் என்ன குழப்பம்? யாராவது விளங்கப்படுத்துங்கள்.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்:
பிள்ளை, இரத்தத்தில் ஓடும் கொலஸ்ரோல் வேறு, மூளைக்குள் இருப்பது வேறு. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி அது உள்ளே போவது இல்லை என்றே சொல்லலாம். மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் உடலின் கொலஸ்ரோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கே. அதில் பெரும்பகுதி நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில்.

செய்த கொலஸ்ரோலை உயிரணுவுக்கு உயிரணு சுமந்து போவது ஏபோஈ என்ற புரதம். அதில் 299 அமினோ அமிலங்கள். ஏபோஈ3 இல் 112ஆவது இடத்தில் சிஸ்டீன், ஏபோஈ4 இல் அதே இடத்தில் ஆர்ஜினின். அந்த ஒரு மாற்றத்தால் புரதத்தின் மடிப்பு மாறி, கொழுப்பைச் சுமக்கும் வேலை பிழையாகிறது. 2022இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறந்தவர்களின் மூளைகளைப் பார்த்தார்கள். ஏபோஈ4 உள்ளவர்களில், மயலின் உறை செய்யும் உயிரணுக்களுக்குள்ளேயே கொலஸ்ரோல் தேங்கிக் கிடந்தது, உறையோ மெலிந்திருந்தது. சீமெந்து வந்து இறங்கியும் மேசனின் கைக்குப் போய்ச் சேராத வீடு மாதிரி. கொலஸ்ரோலைக் கடத்த உதவும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது உறையும் நினைவும் ஓரளவு தேறின. மனிதருக்கு அது இன்னும் மருந்தாகவில்லை. சொதியை நிறுத்தி அந்தத் தேக்கத்தைக் கரைக்க முடியாது.

சுன்னாகம், தாதி:
அக்கா, பரிசோதித்தது தம்பியை, அம்மாவை அல்ல. அந்தப் பிரதி அப்பா பக்கத்தால் வந்திருக்கவும் கூடும். ஒரு பிரதி இருந்தால் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் இன்னும் அதிகம். ஆனால் ஒரு பிரதியோடு கடைசிவரை தெளிவாக இருப்பவர்களும் நிறையப் பேர்.

தம்பி தன் கொலஸ்ரோலைத்தான் கவனிக்க வேண்டும். நடுவயதில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ரோல் கூடியிருப்பதை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு மறதி நோயின் 14 ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. காது கேளாமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அம்மாவின் காதையும் ஒருமுறை காட்டுங்கள். இந்த நோயில் மெலிவதுதான் எனக்குப் பயம். இதயத்துக்கு டொக்டர் ஏதும் பத்தியம் சொல்லியிருந்தால் ஒழிய, அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள். குளிசைகளை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கோண்டாவில் மகள்:
ஐயா, தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். இரத்தப் பரிசோதனைக்கு நாள் எடுத்துவிட்டானாம். நேற்று இரவு இரண்டாம் பாலில் சொதி வைத்தேன். அம்மா நாலு இடியப்பம் சாப்பிட்டார். "உப்புக் காணாது" என்றார். உண்மைதான், காணாது.