பழைய எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல்கள் தேவை (சென்னை)

வணக்கம். எண்ணும் எழுத்தும் என்பது தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் அடிப்படைக் கணக்கும் கற்றுத்தரும் தமிழக அரசின் திட்டம். மாநிலப் பாடநூல்களின் பிடிஎஃப் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பிள்ளைகள் எழுதித் தீர்க்கும் பயிற்சி நூல்கள்தான் பருவம் முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. 2022-இல் திட்டம் தொடங்கியது முதல் வந்த 1, 2, 3-ஆம் வகுப்பு நூல்கள், மூன்று பருவமும் வேண்டும். பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பொறுத்துப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் எது மாறியது என்று ஒப்பிடத்தான்.

எழுதிய நூலானாலும் பரவாயில்லை. ஆனால் பிள்ளையின் பெயர் இருக்கும் பக்கத்தை வெள்ளைத்தாளால் மறைத்துவிடுங்கள். 300 டிபிஐ, கலரில் ஸ்கேன் போதும். கருப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சில் எழுத்தும் அச்சும் ஒன்றாகிவிடும், பிரிக்கவே முடியாது. போனில் எடுப்பவர்கள் நூலை முழுக்க விரித்து, மேலே ஒரு கண்ணாடித் தகடு வையுங்கள். இல்லாவிட்டால் நடு மடிப்பில் கடைசி எழுத்துகள் நிழலில் போய்விடும். பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைத் தயவுசெய்து விடாதீர்கள். பாதிப்பேர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள், ஆண்டு தெரியாத நூலை வைத்து ஒப்பிடுவது எப்படி?

இன்னொரு உதவி: இத்திட்டத்தின் ஆசிரியர் கையேடுகளைக் கேட்டுத் தகவல் உரிமை மனு போட்டவர் யாராவது உண்டா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "ஏன் தரவில்லை" என்று கேட்காமல், வகுப்பு, பருவம், ஆண்டு குறிப்பிட்டு நகல் கேட்கப் போகிறோம். பள்ளிக்கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வளாகத்தில் எந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் நேராகப் பதில் வரும்?